உப்புக்கு வரும் பூச்சிகள்

வண்ணத்துப்பூச்சிக்கு நம் வியர்வை பிடிக்கும், மாரியக்கா.

பூவில் தேன் குடிக்கும் என்றுதானே நமக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்தார்கள். தேன் சரி, உப்புக்கு அது எங்கே போகும்? இந்தச் செரிந்தித் தீவில் வருடம் முழுக்க மழை. மண்ணில் இருக்கிற உப்பையெல்லாம் மழை கழுவிக் கடலுக்குக் கொண்டுபோய்விடுகிறது. அதனால் காட்டுக்குள் ஒரு மனிதன் களைத்துப்போய் உட்கார்ந்தால் போதும். கழுத்தில், முழங்கையில், கழற்றிப் போட்ட சட்டையில் வந்து அப்பிக்கொள்ளும். பெரும்பாலும் ஆண் பூச்சிகள். சுருட்டி வைத்திருக்கும் குழலை நீட்டி உறிஞ்சும். வலிக்காது, கொஞ்சம் கூசும்.

இதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் உனக்குப் புரியாது. படகுத்துறைக் கூடத்தின் மூலையில் உட்கார்ந்து கைபேசியிடம் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருக்கிறேன், அது எழுதிக்கொண்டே வருகிறது. ஆமாம், நான் ஊருக்கு வருகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. முழுதும் படித்துவிட்டுப் பேசு.

முதலில் ஒன்று. தம்பி கொம்பையா தோட்டத்தில் இல்லை, அக்கா. எட்டு மாதமாக இல்லை. தோட்டத்தில் சிக்னல் கிடைக்காது, அதனால்தான் பேச மாட்டேன் என்கிறான் என்று நான் உங்களிடம் சொன்னதெல்லாம் பொய்.

எண்ணெய்க்கு வளர்க்கிற செம்பனைத் தோட்டத்தில் அவனோடு ஒரே அறையில் இருந்த பையன் மருந்து அடித்துவிட்டு வந்து வாந்தி எடுத்தே செத்துப்போனான். மறுநாள் அவன் மருந்துக் குடத்தைக் கொம்பையா முதுகில் மாட்டிவிட்டார்கள். இவன் குடத்தைக் கீழே வைத்துவிட்டுக் காட்டுக்குள் போய்விட்டான். பாஸ்போர்ட் தோட்டத்து ஆபீசில். அப்படி ஓடிப்போனவர்களை இங்கே காட்டாட்கள் என்பார்கள். பிடித்தால் தடுப்பு முகாம். அங்கே போனவர் நடந்து திரும்பி நான் பார்த்ததில்லை.

அவனிடமிருந்து எனக்கு ஒரே ஒரு குரல் செய்தி வந்தது. "யக்கா, நான் நல்லாருக்கேன். மேட்டுக்கு ஏறி வந்து பேசுதேன், இங்கனதான் கொஞ்சம் சிக்னல் எடுக்கு. அம்மாட்ட தோட்டத்துல இருக்கேன்னே சொல்லு. நீ யார்ட்டயும் தம்பி இருக்கான்னு வாயத் தெறக்காத. உம் பெர்மிட்டும் போயிரும்." அதன் பிறகு அந்த எண் அணைந்துவிட்டது.

நானும் வாயைத் திறக்கவில்லை. ஓடிப்போனவனின் கூடப்பிறந்தவளுக்கு இங்கே பெர்மிட் கிடையாது.

இனி என் வேலையைப் பற்றி. நீ எல்லோரிடமும் "எந் தங்கச்சி வெளிநாட்டுல சயின்டிஸ்டு" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாய். அக்கா, நான் பூச்சிக்குக் கால் பிடுங்குகிறவள்.

காட்டில் பொறி வைத்திருப்பார்கள். அழுகின வாழைப்பழம் போட்டுத் தொங்கவிட்ட வலைக்கூண்டு. ராயப்பன் அண்ணன் போய்ப் பூச்சிகளை எடுத்து, ஒவ்வொன்றையும் முக்கோணமாக மடித்த மெல்லிய காகித உறையில் போட்டுக் கொண்டுவருவார். மூக்கையூர்க்காரர், கடலில் இருந்தவர், காட்டுக்கு வந்து மாட்டிக்கொண்டார். நான் இடுக்கியால் ஒரு காலை மட்டும் எடுத்துத் தட்டில் உள்ள குழியில் போடுவேன். தட்டு மெஷினுக்குள் போகும். காலில் இருக்கிற மரபணுவைப் படித்து இது இன்ன இனம் என்று மெஷின் சொல்லும். மீதிப் பூச்சியை ஊசியில் குத்தி, இறக்கையை விரித்து, டாக்டர் பெட்டியில் அடுக்குவார்.

டாக்டர் தவமணி இந்தத் தீவிலேயே பிறந்த தமிழச்சி. பாட்டன் காலத்தில் ரப்பர் வெட்ட வந்த குடும்பம், இந்த ஊர்ப் பேச்சுவழக்கில் ஒரு 'லா' ஒட்டிக்கொண்டு வரும். சேர்ந்த அன்றைக்கே என்னைக் கூப்பிட்டு ஒரு பெட்டியைத் திறந்து காட்டினார். பழுப்பு நிறத்தில் வரிசையாக ஒரே மாதிரிப் பூச்சிகள்.

"இது எத்தன இனம், சொல்லு?"

"ஒண்ணுதான டாக்டர்?"

"நாலு லா. நூறு வருசமா எல்லாரும் ஒண்ணுன்னுதான் சொன்னாங்க. எறக்கையப் பாத்தாங்க, புள்ளிய எண்ணுனாங்க, பேரு வச்சிட்டுப் போய்ட்டாங்க. ஒரு ஆளுக்கு மட்டும் சந்தேகம் வந்து ஆண் பூச்சியோட வால் நுனிய அறுத்து மைக்ரோஸ்கோப்புல வச்சான். அங்க உறுப்பு வேற வேற வடிவம். பூட்டும் சாவியும் மாதிரி, ஒண்ணு இன்னொண்ணுக்குப் பொருந்தாது. இப்ப மெஷினும் நாலுன்னுதான் சொல்லுது."

பின்னால் உறைகளை அடுக்கிக்கொண்டிருந்த ராயப்பன் அண்ணன் சும்மா இருப்பாரா. "நல்லவேள தாயி, நமக்கு மூஞ்சியப் பாத்துப் பெர்மிட்டு குடுத்தாங்க."

"ராயப்பா, வாய மூடிக்கிட்டு வேலயப் பாரு" என்றார் டாக்டர். ஆனால் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அடுத்த பெட்டியில் நேர் எதிர். நம் வீட்டுக் கறிவேப்பிலை மரத்தில் வந்து முட்டை வைக்குமே, கறுப்புப் பூச்சி. அதில் பெண் மூன்று வேஷத்தில் வரும், உனக்குத் தெரியுமா? ஒன்று ஆணைப் போலவே இருக்கும். மற்ற இரண்டும் சிவப்புப் பொட்டு வைத்துக்கொண்டு, குருவி தின்னாத இரண்டு விஷப் பூச்சிகளைப் போல இருக்கும். பார்த்தால் மூன்று இனம். மெஷினில் போட்டால் ஒன்று. ஒரே தாய் போட்ட முட்டையிலிருந்தே மூன்று வேஷமும் வரும்.

"கண்ண நம்பாத" என்றார் டாக்டர். "கால நம்பு."

எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது, அக்கா. பொய் சொல்லவில்லை.

மெஷின் காலில் இருப்பதை எல்லாம் படிக்கும். பூச்சி உட்கார்ந்த செடி, மிதித்த சாணி, குடித்த வியர்வை. அதில் மனிதனுடையது வந்தால் அதைக் குப்பை என்று ஒதுக்கிவிடுவது வழக்கம். உலகம் முழுக்க அப்படித்தானாம். பூச்சி ஆய்வில் மனிதன் அழுக்கு, அவ்வளவுதான்.

பிறகு குடியேற்ற அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்தார். மெல்லிய குரல், பேசும்போது சிரித்த முகம். அவர்கள் பாஷையில் கேட்டார், டாக்டர் பதில் சொன்னார். ஒதுக்குகிற குப்பையை என்ன செய்கிறீர்கள் என்று கேட்டாராம். அழித்துவிடுகிறோம் என்று இவர் சொன்னாராம். இனிமேல் அழிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த வாரமே புது மெஷின் வந்தது, புதுப் பொறிகள் வந்தன, கூரை மாற்றினார்கள். அறைக்கு அறை மூலையில் ஒரு கேமராவும் வைத்தார்கள். அதற்குக் காதும் உண்டு என்று ராயப்பன் அண்ணன் சைகையில் காட்டினார்.

தீவுக்குள் வேலைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் கன்னத்தின் உள்ளே பஞ்சால் தேய்த்து எடுத்துக்கொள்வார்களே, அது அவர்களிடம் இருக்கிறது. பொறியில் விழுந்த பூச்சி யார் வியர்வையைக் குடித்ததோ, அதை அதோடு பொருத்திப் பார்த்தால் ஆள் பெயர் வந்துவிடும். எந்தப் பொறி என்று பார்த்தால் இடம் வந்துவிடும். காட்டாட்களைத் தேடி இனி நாயும் வேண்டாம், போலீசும் வேண்டாம். பூச்சி போய்க் குடித்துவிட்டு வரும்.

முதல் தடவை பிடித்துக்கொண்டு வந்தபோது லாரி எங்கள் ஆய்வகத்து வாசலில்தான் நின்றது. மலைக்கு ஏறுகிற பாதை அது ஒன்றுதான். கையைப் பின்னால் கட்டி உட்கார வைத்திருந்தார்கள். வடக்கத்திப் பையன்கள் சிலர், பர்மாக்காரர் ஒருவர், நம்மவர் போல ஒரு வயதானவர். அந்தப் பெரியவர் கழுத்தில் பழுப்புப் பூச்சி ஒன்று உட்கார்ந்து குடித்துக்கொண்டிருந்தது. அவரால் தட்டிவிட முடியவில்லை. தோளைத் தோளை உயர்த்திப் பார்த்தார்.

டாக்டர் வந்து ஜன்னல் திரையை இழுத்துவிட்டார்.

"டாக்டர், இவங்கள..."

"நம்ம வேல பூச்சி. பூச்சியப் பாரு."

"நம்ம தட்டுல இருந்துதான டாக்டர் பேரு போச்சு?"

"அந்த மெஷின் இல்லன்னா இந்தக் காட்டயே வெட்டிச் செம்பனை போட்டிருப்பாங்க, தெரியுமா? பத்து வருசமா நான் ஒவ்வொருத்தன் கால்லயும் விழுந்தேன், காட்டுக்கு வேலி போடுங்கன்னு. இப்பதான் போட்டாங்க. எதுக்குப் போட்டாங்கன்னு நான் கேக்கல." குரல் உடைந்தது. "நீயும் கேக்காத லா."

அன்றிலிருந்து என் நிலைமையை யோசித்துப் பார். தினமும் சாயங்காலம் மெஷின் பெயர்களைச் சொல்லும். கொம்பையா பெயர் வந்தால் அவன் பிடிபட்டான். வராவிட்டால்? இத்தனை பூச்சி இருக்கிற காட்டில் எட்டு மாதமாக ஒரு பூச்சிகூட ஒருவனைத் தொடவில்லை என்றால் அவன் அங்கே மூச்சு விடவில்லை என்று அர்த்தம். பெயர் வரக்கூடாதே என்று கும்பிடுவேன். வராதபோது கழிவறைக்குள் போய் அழுவேன். அம்மா வெள்ளிக்கிழமை தவறாமல் "தம்பி பேசுனானா?" என்று கேட்பாள், "பேசுனாம்மா, உன்ன விசாரிச்சான்" என்பேன்.

இப்படி இருக்கும்போதுதான் டாக்டர் ஒருநாள் கத்தினார்.

"இசக்கி, இங்க வா. நீ கையுறை போடறியா இல்லியா?"

"போடுதேன் டாக்டர்."

"அப்புறம் எப்படித் தெற்கு மேட்டுத் தட்டு அத்தனையிலயும் உன் அழுக்கு இருக்கு?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவரே சொன்னார். "நீ சேர்ந்தப்ப எச்சி குடுத்தல்ல? ராயப்பன் குடுத்தான், நானும் குடுத்தேன். எதுக்கு? வேல செய்யறப்ப தும்முவோம், முடி விழும். அது நம்ம ஆளுதுன்னு மெஷின் தெரிஞ்சுக்கிட்டுத் தனியா ஒதுக்கிடும், பேரு வெளிய அனுப்பாது. கொஞ்சம் வரலாம், தப்பில்ல. உன்னோடது கொட்டுது. எத்தன மாசமா நடக்குது இது! ஆபீஸ்லேர்ந்து கேட்டுட்டாங்க, உங்க ஆளுல யாரு சேம்பிளக் கெடுக்கறாங்கன்னு. இன்னொரு தடவ வந்தா உன் பெர்மிட்ட நான் காப்பாத்த முடியாது."

பெர்மிட் போனால் ஊருக்குத்தான். ஊருக்கு வந்துவிட்டால் கொம்பையாவைப் பற்றி ஒரு சேதியும் எனக்கு என்றைக்கும் வராது. அதுதான் எனக்குப் பயம். அவன் செத்தானா இருக்கிறானா என்று தெரியாமல் அம்மா முகத்தில் எப்படி முழிப்பது?

கையுறை மேல் கையுறை போட்டேன். முடியை ஒட்ட வெட்டினேன், நீ வீடியோவில் பார்த்துவிட்டு ஏன்டி இப்படி என்று கேட்டாயே, அதற்குத்தான். தெற்கு மேட்டுத் தட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வருவது, அதனால் கையால் சாப்பிடுவதையே விட்டேன். முகமூடிக்குள் மூச்சை அடக்கிக்கொண்டு கால் எடுத்தேன். மறுபடியும் தெற்கு மேடு, மறுபடியும் நான். என் உடம்பே எனக்கு எதிராக வேலை செய்கிற மாதிரி இருந்தது. ராத்திரியெல்லாம் கையை முகர்ந்து பார்ப்பேன்.

கடைசியில் ஒரு யோசனை வந்தது. என் வாழ்க்கையிலேயே புத்திசாலித்தனமான யோசனை என்று அன்றைக்கு நினைத்தேன்.

"அண்ணே, தெற்கு மேட்டுப் பூச்சிக்கு இன்னைக்கு நீங்களே காலெடுத்துத் தட்டுல போடுங்க. நான் உள்ளயே வரல, வாசல்ல நிக்கேன். எல்லாரும் பாக்கட்டும்."

"என்ன புள்ள, கொலக் கேஸா? சாட்சிக்குக் கூப்புடுற?"

"எம் பெர்மிட்ட எடுக்கப் பாக்காங்கண்ணே."

"மீனுக்குச் செதிள் எடுத்த கை தாயி இது. பூச்சிக்குக் கால எடுக்கச் சொல்ற. காலு வருமோ, தல வருமோ." அப்படிச் சொல்லிக்கொண்டே கையைக் கழுவி, மண்டியிட்ட மாதிரி மேசைமேல் குனிந்து, நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு ஒவ்வொரு காலாக எடுத்தார். நான் மழையில் வாசலில் நின்றேன். தட்டு உள்ளே போனது.

வந்தது நான்தான்.

அக்கா, எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று நினைக்கிறாய்! நான் தொடவே இல்லை, ஆனாலும் நான் என்கிறது. அப்படியென்றால் கோளாறு மெஷினில்தானே? டாக்டர் அறைக்கு ஓடினேன். "டாக்டர், நான் இல்ல! நான் அறைக்குள்ளயே போகல, ராயப்பன் அண்ணன் சாட்சி, கேமராவப் பாருங்க! பூச்சி காட்டுல இருந்து வரும்போதே அது இருக்கு, என்னால இல்ல!"

அவர் திரையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு திரும்பவும் பார்த்தார்.

"பூச்சி காட்டுலேர்ந்து வரும்போதே இருக்கு" என்று மெதுவாகச் சொன்னார்.

"ஆமா டாக்டர்!"

"இசக்கி, இந்த மெஷின் முழு மனுசனப் படிக்காது. அம்மாகிட்டேர்ந்து மட்டும் புள்ளைக்கு வர்ற ஒரு மரபணுத் துண்டு இருக்கு, அதத்தான் படிக்கும். பூச்சி இனத்த அத வச்சுதான் பிரிக்கறோம். மனுசனுக்கும் அதேதான். உன்னோட துண்டும் உங்க அம்மாவோட துண்டும் ஒண்ணு. உங்க அம்மா வயித்துல பொறந்த எல்லாருக்கும்..."

அங்கே நிறுத்திவிட்டார்.

அவன் இருக்கிறான், அக்கா. தெற்கு மேட்டில், சிக்னல் எடுக்கிற அந்த மேட்டில், சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறான். விறகு வெட்டுகிறானோ, தண்ணீர் சுமக்கிறானோ, வியர்த்து வழிய வேலை செய்கிறான். பழுப்புப் பூச்சிகள் வந்து அவன் முதுகில் உட்காருகின்றன. அந்தப் பூச்சிகளின் காலைத்தான் நான் இத்தனை மாதமாகப் பிடுங்கிக்கொண்டிருந்தேன். என் அழுக்கு, என் அழுக்கு என்று நான் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினது என் தம்பியை. என் எச்சி அந்த மெஷினுக்குள் இருந்ததால்தான் அவன் பெயர் வெளியே போகவில்லை. நான் நான் என்று மெஷின் ஒவ்வொரு நாளும் அவனை ஒளித்து வைத்திருக்கிறது.

அதை இப்போதுதான், கேமராவுக்கு முன்னால் நின்று, நான் இல்லை, நான் இல்லை என்று கத்திவிட்டேன்.

டாக்டரின் கண் ஒருமுறை மூலைக்குப் போய்த் திரும்பியது. அலுவலகக் குரலில் கேட்டார். "உனக்கு இங்க கூடப் பொறந்தவங்க யாராச்சும் இருக்காங்களா?"

"இல்ல டாக்டர்."

"அப்போ இது எப்படி?"

"நான்தான் டாக்டர். ராயப்பன் அண்ணன் உறைய வெளிய வச்சிட்டுக் கை கழுவப் போனாருல்லா, அப்ப பிரிச்சுப் பாத்தேன். கையுறை போடாம. எப்பவும் அப்படித்தான் பிரிச்சுப் பாப்பேன்."

"ஏன் பிரிச்ச?"

"அழகாருந்துச்சு."

"பழுப்புப் பூச்சி" என்றார். "செத்த எல மாதிரி இருக்கும். அது அழகா?"

"ஆமா டாக்டர்."

என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, துடைத்தால் தெரியும் என்று துடைக்காமல் நின்றேன்.

"சரி லா" என்றார். "அப்படியே சொல்லிடறேன்."

விசாரணை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. அந்தச் சிரித்த முகத்துக்காரரே வந்தார். சேம்பிளைக் கெடுத்தேன், பொய் சொன்னேன், பிறர் மேல் பழி போட்டேன் என்று சொல்லிப் பெர்மிட்டை ரத்து செய்தார்கள். எல்லாவற்றுக்கும் ஆமாம் என்று தலையாட்டினேன். அத்தனை லேசாக இருந்தது எனக்கு. அவன் உயிரோடு இருக்கிறான், நான் ஊருக்குப் போகிறேன், அவனை யாரும் தேட மாட்டார்கள்.

ராயப்பன் அண்ணனுக்குத்தான் எச்சரிக்கை போய்விட்டது, உறையைக் கவனிக்காமல் விட்டதற்கு. நான் பெட்டி கட்டும்போது வந்து வாசலில் நின்றார்.

"நான் எங்க உறைய வெளிய வச்சேன்? கை கழுவுறப்பவும் என் மடியிலதான இருந்துச்சு? ஏன் புள்ள இப்படிச் சொன்ன? நல்லா இருக்குற மனுசன வம்புல மாட்டிவிட்டுட்டுப் போறியே."

"மன்னிச்சிருங்கண்ணே."

"மன்னிப்பக் குடுத்து நான் அடுத்த பெர்மிட்ட வாங்க முடியுமா?"

நான் கேட்டேன். "அண்ணே, தெற்கு மேட்டுல பொறிக்குப் போகும்போது யாரையாச்சும் பாத்திருக்கீங்களா?"

அவர் முகம் மாறியது. என் வெட்டின தலையை, வீங்கின கண்ணைப் பார்த்தார்.

"நான் பூச்சியப் பாக்குறவன் தாயி. மனுசனப் பாக்க எனக்குச் சம்பளம் இல்ல." வெளியே எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "பாத்தாலும் பாத்ததில்ல. ஒரு சட்ட காயப் போட்டிருக்கும் சில நேரம். நீலச் சட்ட. அவ்வளவுதான்."

பெட்டியைத் தூக்கிக்கொண்டுவந்து வண்டியில் வைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் போனார்.

இதோ இந்தக் கூடத்துக்கு வந்து உட்கார்ந்து, உனக்கு என்ன சொல்லலாம், அம்மாவுக்கு என்ன சொல்லலாம் என்று சந்தோஷமாகக்கூட யோசித்துக்கொண்டிருந்தேன். சற்று முன்னால் கவுண்டரில் இருந்த பெண் கூப்பிட்டாள். இங்கே பிறந்த தமிழ்ப்பிள்ளைதான், சின்ன வயசு. என் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தினாள்.

"கவலப்படாதீங்க அக்கா. உங்க விவரம் எல்லாத்தையும் இன்னிக்குக் காலையிலேயே அழிச்சாச்சு. ஃபோட்டோ, ரேகை, எச்சி, எல்லாம். நாட்டவிட்டுப் போறவங்களோடது ஒண்ணும் வச்சிருக்கக் கூடாதுன்னு புதுச் சட்டம். நீங்க வேல பாத்த எடத்துலயும் தானா அழிஞ்சிருக்கும். இனிமே உங்களோடது ஒண்ணுமே இங்க இல்ல."

நல்ல சேதி சொல்கிற முகத்தோடு சொன்னாள். நான் நன்றிகூடச் சொன்னேன். நாற்காலிக்குத் திரும்பி வரும்போதுதான் 'எச்சி' என்று அவள் சொன்னது உறைத்தது.

டாக்டருக்குப் போட்டேன். முதல் அழைப்பை எடுக்கவில்லை. இரண்டாவதுக்கு எடுத்தார்.

"டாக்டர், மெஷின்ல எம் பேரு இருக்கா?"

கதவு திறக்கிற சத்தம், பிறகு மழைச் சத்தம். வெளியே வந்துவிட்டார் என்று தெரிந்தது.

"காலையில போய்டுச்சு" என்றார். "நான் யோசிக்கல இசக்கி. நீ போய்ட்டா போதும், எல்லாம் அடங்கிடும்னு நெனச்சேன்."

"இனிமே தெற்கு மேட்டுத் தட்டு போடாம இருக்க முடியுமா?"

"புதுத் தட்டு வேணாம் லா. பழசே போதும்." அவர் குரல் ரொம்பச் சின்னதாகிவிட்டது. "ஒரு பேரு செல்லாதுன்னு ஆயிட்டா, அந்தப் பேருக்குக் கீழ இருந்ததையெல்லாம் மெஷின் தானா எடுத்து மறுபடி பிரிக்கும். எது எந்தப் பேருக்குப் போகும்னு பாக்கும். வண்ணத்துப்பூச்சிக்காக நான்தான் அப்படி எழுதி வச்சேன். தப்பான பேருல ஒரு பூச்சியும் நிக்கக் கூடாதுன்னு."

"அப்போ எட்டு மாசமும்?"

"எல்லாம் வரும். எந்தப் பொறி, எந்த நாள். அவன் எங்க தூங்கறான், எங்க தண்ணி எடுக்கறான், எல்லாம் தெரியும்."

"நிறுத்துங்க டாக்டர். கரண்ட புடுங்குங்க!"

"நிறுத்துனா ஏன்னு கேப்பாங்க. கேட்டா... ரெண்டு பிள்ளைங்க இருக்கு எனக்கு. சாயங்காலத்துக்குள்ள பிரிச்சு முடிச்சிடும். நான் உள்ள போகணும்."

ராயப்பன் அண்ணனுக்குப் போட்டேன். கிழக்கு மலைக்குப் பொறி மாற்றப் போகிற நாள் இது, அங்கே சிக்னல் இல்லை. கொம்பையாவின் பழைய எண்ணுக்குப் போட்டேன். பிறகு திரும்பவும் போட்டேன். கவுண்டர்ப் பெண்ணிடம் போய் என் எச்சியைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொன்னேன், அக்கா. இங்கேயே, இப்போதே பஞ்சு கொண்டுவா என்றேன். அவள் பயந்துபோய் யாரையோ கூப்பிட்டாள். தமிழ் தெரியாத ஒரு காவலாளி என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான்.

படகுக்கு வரிசையில் நிற்கச் சொல்கிறார்கள்.

அம்மா இந்நேரம் பால் வாங்கிவிட்டு வந்திருப்பாள். நீ போ. மற்ற ஒன்றும் சொல்லாதே. கொம்பையா உயிரோடு இருக்கிறான், நீலச் சட்டை போட்டுக்கொண்டு மலைமேட்டில் நன்றாக இருக்கிறான் என்று மட்டும் சொல். இன்றைக்கே போய்ச் சொல்லிவிடு, அக்கா. இன்றைக்கு அது உண்மை.